‘ஒன்றுமில்லை’ என்னும் தீர்ப்பு

நோயுற்று மருத்துவரை நாடிச் செல்பவர் அவர் வாயிலிருந்து கேட்க ஆசைப்படும் சொல் ‘ஒன்றுமில்லை’ என்பதுதான். அச்சொல்லைக் கேட்டதும் உடன் வந்தவர் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்கிறார். வீட்டில் காத்திருப்போருக்குச் செய்தி பறக்கிறது. அன்று மாலைத் தேநீர்கூடச் சற்று இனிப்பாகத்தான் இருக்கும். ஆயினும் இதே சொல்லைக் கேட்டு உள்ளுக்குள் இடிந்து போகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இரத்த அழுத்தம் சரி, நாடித் துடிப்பு சரி, உடல் வெப்பம் சரி, மூச்சு சரி. எல்லாம் சரியாயிருக்க, எழுந்து நின்றால் உலகம் சுழல்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கண் இருள்கிறது, கால் தளர்கிறது. அளவுகள் அத்தனையும் ஒருபுறம், அவருடைய ஒற்றைச் சொல் மறுபுறம் என்றால் எதை நம்புவது? இது மருத்துவர்கள் மட்டும் விடை காண வேண்டிய வினா என்று நான் கருதவில்லை. வீட்டுத் தாழ்வாரத்திலும், பள்ளிவாசலின் சஃப்பிலும், கூலி வழங்கும் மேசையருகிலும் நாள்தோறும் நாமே விசாரித்து நாமே தீர்ப்பும் அளித்துவருகிற வழக்கு இது.

விருதுநகர் மாவட்டத்தில் வெம்பக்கோட்டையை அடுத்த தாயில்பட்டியை எடுத்துக்கொள்வோம். சிவகாசியையும் சாத்தூரையும் சூழ்ந்த பட்டாசுத் தொழில் வட்டாரத்து ஊர் அது. மழை குறைந்த கரிசல் பூமி. வேளாண்மைக்குப் பகையான அந்த வறட்சியே பட்டாசுக்கு நட்பாயிற்று. ஈரம் குறைந்த காற்றில் தாளும் பசையும் மருந்தும் விரைவில் உலர்கின்றன. (அப்பகுதியில் ‘மருந்து’ என்று பொதுவாகச் சொன்னால் வெடிமருந்து என்றுதான் முதலில் பொருள்படும். உயிரைக் காப்பதற்கும் போக்குவதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள் அம்மக்கள்.) அவ்வூரில் முப்பது வயதுடைய ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். இவர் குறிப்பிட்ட ஒருவரல்லர், பலருள் ஒருவர். அதிகாலையில் சமையலை முடித்துவிட்டு ஆலை வேனில் ஏறுகிறார். தாள் குழாய் உருட்டுவதோ, திரி வைப்பதோ, பெட்டியில் அடுக்குவதோ, எந்த வேலையாயினும் தரையில் அமர்ந்தே செய்கிறார். செய்த அளவுக்குத்தான் கூலி. ஆகவே எழுவதும் நடப்பதும் இழப்பு. கோடை வெயிலில் வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. கழிப்பறை வசதி போதாத இடங்களில் பெண்கள் தண்ணீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்வது நாடறிந்த செய்தி. நண்பகல் உணவுக்கு எழும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறார். ஒரு நாளன்று, இரு நாளன்று; மாதக் கணக்கில் இப்படி.

மருத்துவமனைக்குப் போகிறார். நாற்காலியில் அமர வைத்து, கையில் பட்டையைச் சுற்றி அளக்கிறார்கள்: 110-க்கு 70. நாடி 78. காய்ச்சல் இல்லை. இருதயப் படமும் ஒழுங்காக இருக்கிறது. ‘ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிடுங்கள்’ என்று ஒரு சத்து மாத்திரையை எழுதிக் கொடுக்கிறார்கள். மருத்துவர் பொய் சொல்லவில்லை என்பதை நாம் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கண்ட எண்கள் உண்மையானவை. அந்த எண்களிலிருந்து ‘ஒன்றுமில்லை’ என்ற முடிவுக்குத் தாவியதில்தான் இடைவெளி இருக்கிறது. அப்பெண் நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது ஏற்படும் துன்பத்தைச் சொல்ல வரவில்லை. நிற்கும்போது நேர்வதைச் சொல்ல வந்தார். அளந்தது அமர்ந்த உடலை.

மனிதன் எழுந்து நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதேயில்லை. படுத்திருந்தவர் நின்றவுடன் அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் புவியீர்ப்பினால் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. மூளைக்குச் செல்லும் இரத்தம் அந்தக் கணத்திலேயே குறைய வேண்டும். நாமெல்லாம் எழுந்தவுடன் மயங்கி விழ வேண்டும். விழாமல் இருப்பதற்குக் காரணம், கழுத்தின் பெருநாடிகளிலும் இருதயத்தை அடுத்த மகாதமனியிலும் அமைந்துள்ள அழுத்த உணர்விகள் இறக்கத்தை உடனே அறிந்து செய்தி அனுப்புவதும், இரத்தக் குழாய்கள் சுருங்குவதும், இருதயம் சற்று விரைவதும்தான். நம் விருப்பத்தையோ அனுமதியையோ கேளாமல் இவையனைத்தையும் நடத்துவது தன்னியக்க நரம்பு மண்டலம். 1898-இல் லாங்லி என்னும் ஆங்கிலேய உடலியல் அறிஞர் அதற்கு இந்தப் பொருளுடைய பெயரைச் சூட்டினார். செரிமானம், வியர்வை, உடல் வெப்பம், கண் பாவையின் சுருக்கம் எல்லாம் அதன் ஆட்சிக்கு உட்பட்டவை. அந்த ஆட்சி தடுமாறுவதைத்தான் இன்று ‘டிஸ்ஆட்டோனோமியா’ என்ற பொதுப்பெயரால் அழைக்கிறார்கள். ஆள்பவர் அரண்மனையில் உறங்கும்போது நாடு அமைதியாகத்தான் தோன்றும். அவசரம் நேர்ந்தால்தான் நிர்வாகத்தின் தரம் வெளிப்படும்.

இத்தடுமாற்றத்தில் பல வகை உண்டு. நின்ற 3 நிமிடத்துக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்துவிடுவது ஒரு வகை. இன்னொரு வகையில் அழுத்தம் விழுவதில்லை. மாறாக நின்ற 10 நிமிடத்துக்குள் நாடி நிமிடத்துக்கு 30 துடிப்புகளுக்கு மேல் ஏறி, அங்கேயே நின்றுவிடுகிறது. வளரிளம் பருவத்தினருக்கு இந்த வரம்பு 40. இத்தொல்லை 3 மாதத்துக்கு மேல் நீடித்து, வேறு காரணமும் இல்லையென்றால் ‘போட்ஸ்’ என்று பெயரிடுகிறார்கள். பெண்களிடமே, அதுவும் இளம்பெண்களிடமே, இது மிகுதியாகக் காணப்படுகிறது. 2020-க்குப் பின் கொரோனாத் தொற்றிலிருந்து மீண்டவர்கள் சிலருக்கும் இது தொடர்வதை மருத்துவ உலகம் பதிவு செய்திருக்கிறது. நீரிழிவு நெடுநாள் நீடித்து அந்த நரம்புகளையே அரித்துவிடுவதும் உண்டு. நம் குடும்பங்களில் நீரிழிவு எவ்வளவு மலிந்து கிடக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் புதிது; துன்பம் பழையது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய படைவீரர்கள் 300-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து, பிலடெல்பியாவின் டாகோஸ்டா என்ற மருத்துவர் 1871-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். படபடப்பு, மூச்சுத் திணறல், தலைச்சுற்றல், களைப்பு. ஆனால் இருதயத்தில் புண்ணோ ஓட்டையோ காணோம். முதல் உலகப் போரின்போது ஆயிரக்கணக்கான வீரர்கள் அதே முறையீட்டோடு மருத்துவமனைகளை நிறைத்தார்கள். 1919-இல் தாமஸ் லூயிஸ் அவர்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். போர்முனைக்கு அஞ்சி நடிக்கிறார்கள் என்ற ஐயம் அவர்களையும் விடவில்லை. 1993-இல்தான் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ஷான்டார்ஃப், லோ என்ற இருவரும் இன்றைய பெயரோடு இந்நோயை வரையறுத்தார்கள். அதற்கு முன் வாழ்ந்தவர்கள் 1993 வரை நோயற்றவர்களாகவா இருந்தார்கள்? பெயர் கிடைக்கும்வரை அவர்கள் சோம்பேறிகள், கோழைகள், பாசாங்குக்காரர்கள். பெயர் கிடைத்த மறுநாள் நோயாளிகள். அவர்கள் உடலில் அந்த ஓரிரவில் மாறியது எதுவுமில்லை. மாறியது நம் அறிவுதான். 2019-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில் இந்நோயுற்ற 4,800-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். முதல் அறிகுறிக்கும் நோய்ப் பெயருக்கும் இடையே அவர்களில் பாதிப்பேர் 2 ஆண்டோ அதற்கு மேலோ அலைந்திருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வசதி மிக்க நாட்டினர். தாயில்பட்டியின் கணக்கை எழுத அங்கே ஒருவரும் இல்லை.

இனி, நாம் எதைக் கருவியாக நம்புகிறோம் என்பதைச் சற்று நோக்குவோம். நாடியை எண்ணுவதற்கென்றே நிமிடக் கடிகாரம் ஒன்றை அமைத்து, இங்கிலாந்தின் ஃப்ளாயர் என்பவர் 1707-இல் நூல் வெளியிட்டார். உடல் வெப்பத்தை முறையாகக் குறித்து நோயறியும் வழக்கத்தை நிலைநாட்டியவர் ஜெர்மனியின் வுண்டர்லிச்; அவர் நூல் 1868-இல் வந்தது. கையில் சுற்றும் பட்டையை இத்தாலியின் ரிவா-ரோச்சி 1896-இல் அறிமுகப்படுத்தினார். அதில் ஒலியைக் கேட்டு அளக்கும் முறையை ரஷ்யாவின் கொரட்காஃப் 1905-இல் கூறினார். இவை மனித குலத்துக்குக் கிடைத்த அருட்கொடைகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஓசையின்றிக் கொல்லும் இரத்த அழுத்தத்தை நாம் அறிந்ததே இவற்றால்தான். அங்கே நோயாளி ‘எனக்கொன்றுமில்லை’ என்கிறார். கருவி ‘இருக்கிறது’ என்கிறது. கருவி வெல்கிறது, வெல்லவும் வேண்டும். அந்த வெற்றியில் மயங்கி, எதிர்ப்பக்கத்து வழக்கிலும் கருவியையே நீதிபதியாக்கிவிட்டோம். ‘இருக்கிறது’ என்று கருவி சொல்வதற்கும் ‘காணவில்லை’ என்று சொல்வதற்கும் ஒரே எடையைக் கொடுத்துவிட்டோம். காணாமையைக் கொண்டு இல்லாமையை நிறுவ முடியாது என்பது தருக்கம் ஓதிய நம் மதரஸா மாணவன் ஒவ்வொருவனும் அறிந்த பாடம்.

நாடி பார்ப்பதில் பேரறிஞரான இப்னு சீனா இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறார். 1037-இல் மறைந்த அப்பெருமகனார் தம் ‘அல்-கானூன்’ என்ற மருத்துவப் பெருநூலில் காதல் நோயைப் பற்றிப் பேசுகிறார். நோயாளி உண்ணவில்லை, உறங்கவில்லை, மெலிகிறான். காரணத்தையோ சொல்ல மறுக்கிறான். இப்னு சீனா கூறும் வழி இது: அவன் நாடியில் விரலை வைத்துக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஒரு பெயரைக் கேட்டவுடன் நாடி தடுமாறும். மீண்டும் மீண்டும் சோதித்து, தெருவையும் வீட்டையும் சொல்லிப் பார்த்து, உரியவரை அறிந்துகொள்ளலாம். இதைச் சுவையான கதையாகத்தான் நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். அதனுள் ஒரு பெரிய மருத்துவ நெறி இருக்கிறது. சும்மா இருக்கும் நாடி எதையும் சொல்வதில்லை. எதனால் துன்பமோ அதை நாடிக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தி, அப்போது அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். காதலனுக்குப் பெயர் எப்படியோ அப்படித்தான் நம் தாயில்பட்டிப் பெண்ணுக்கு ‘நிற்றல்’. நிறுத்தி வைத்துப் பாராமல் நாடியைப் பார்த்தேன் என்பது, பெயரைச் சொல்லாமலே காதலில்லை என்று சான்றிதழ் வழங்குவதற்கு ஒப்பாகும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் வாழ்க்கைத் தேடலை விவரிக்கும் ‘அல்-முன்கித் மினள் ளலால்’ என்ற நூலில், புலன்களை எவ்வளவு நம்பலாம் என்று வினவுகிறார்கள். கண் நிழலைப் பார்க்கிறது. அசையவில்லை என்று அடித்துச் சொல்கிறது. ஒரு நாழிகை கழித்துப் பார்த்தால் நிழல் நகர்ந்திருக்கிறது. அது ஒரு கணமும் நிற்கவேயில்லை. சிறுகச் சிறுக ஓடிக்கொண்டேயிருந்தது. கண் பொய்யன்று, அது பார்த்த கால அளவு போதவில்லை. மருத்துவமனையில் அரை நிமிடம் அளந்த இரத்த அழுத்தமும் அத்தகையதே. அது உண்மையான ஒரு கணத்தின் உண்மையான சாட்சி. ஒரு நாளின், ஒரு மாதத்தின் சாட்சியாக அதை நிறுத்துவது நாம் செய்யும் பிழை.

அதே நூலில் இமாமவர்கள் தம் நோயையும் கூறுகிறார்கள். ஹிஜ்ரி 488-இல், அதாவது 1095-இல், பக்தாதின் நிஜாமிய்யாக் கல்லூரியில் புகழின் உச்சியிலிருந்த காலம். ஒருநாள் பாடம் சொல்ல வாய் திறந்தால் நாக்கு எழவில்லை. உணவு இறங்கவில்லை, இறங்கியதும் செரிக்கவில்லை, உடல் நலிந்தது. மருத்துவர்கள் நம்பிக்கை இழந்தார்கள். ஆனால் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். இத்துன்பம் உள்ளத்தில் இறங்கி அங்கிருந்து உடலின் இயல்புக்குள் பரவியிருக்கிறது. உள்ளத்தின் கவலை தணிந்தாலொழிய எங்கள் மருந்து வேலை செய்யாது என்ற கருத்தில் பேசினார்கள். நம் காலத்தில் ‘இது மனசில்தான்’ என்று ஒருவரிடம் சொன்னால், ‘பொய் சொல்கிறாய்’ என்பதற்கு நாகரிகமான மறுபெயராகவே அது ஒலிக்கிறது. அந்த பக்தாத் மருத்துவர்களோ காரணத்தை உள்ளத்தில் வைத்தார்கள், நோயை மறுக்கவில்லை. தங்கள் கலையின் எல்லை முடிந்த இடத்தைச் சொன்னார்கள். நோயாளியின் சொல் அங்கே முடிந்துவிட்டதாகச் சொல்லவில்லை. தன்னியக்க நரம்புகளின் தடுமாற்றம் உடலின் நோய்தான். கவலைதான் காரணம் என்று கருதி அதை ஒதுக்குவது தவறு. எனினும், கவலையே காரணமாக இருந்தால்கூட ‘ஒன்றுமில்லை’ என்ற சொல் பொருந்தாது என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டேன்.

ஒருவருக்கு மட்டுமே தெரிந்த செய்தியில் அவர் சொல்லின் மதிப்பு என்ன? இவ்வினாவை நம் ஃபிக்ஹுக் கலைஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டிருக்கிறார்கள். இத்தா இருக்கும் பெண்ணின் மாதவிடாய், கருப்பம் ஆகியவை பற்றி அவள் சொல்லையே ஏற்பது அவர்கள் கொண்ட நெறி. அவளையன்றி வேறெவரும் அறிய முடியாத செய்தி அது. சாட்சி கொண்டுவா என்றால் எங்கே போவாள்? நோன்பை விடுவதற்கு நோயாளிக்குக் குர்ஆன் அளித்த சலுகையைப் பற்றிப் பேசும்போதும், ஹனஃபி அறிஞர்கள் மருத்துவரின் கூற்றை மட்டும் ஆதாரமாக்கவில்லை. வெளிப்படையான அடையாளத்தையும், நோயாளி தம் சொந்த அனுபவத்தால் அறிந்திருப்பதையும் அதனோடு சேர்த்து எண்ணினார்கள். போன ஆண்டு நோன்பில் எப்படி விழுந்தேன் என்பதை நோயாளி அறிவார். அந்த அறிவும் அறிவே.

தொழுகையில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் மூலநோயால் அவதிப்பட்டவர்கள். பிறர் கண்ணுக்குத் தெரியாத நோய் அது. தொழுகையைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, நின்றும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருபக்கமாகப் படுத்தும் தொழுமாறு விடை கிடைத்தது. இது புகாரி கிரந்தத்தில் பதிவாகியுள்ள செய்தி. இயலுமா இயலாதா என்று முடிவு செய்வது யார்? கேட்டவரேதான். எவரும் அவரைச் சோதித்துப் பார்க்கவில்லை. கடலோடிகளை மனத்தில் கொண்டு ஷாஃபி நூலோர் எழுதி வைத்த சட்டம் ஒன்றும் உண்டு: கப்பலில் செல்பவர் நின்றால் தலை சுற்றும் என்று அஞ்சினால் உட்கார்ந்து தொழலாம். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் மூதாதையர் இச்சட்டத்தை ஓதித்தான் பாய்மரம் ஏறினார்கள். அலையில் ஆடும் கப்பலின் தலைச்சுற்றலை ஒப்புக்கொண்ட நாம், ஆடாத தரையில் ஒருவருக்குத் தலை சுற்றுகிறது என்றால் மட்டும் புருவத்தை உயர்த்துகிறோம்.

பள்ளிவாசலில் இக்காலத்தில் காணும் காட்சி இது. இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் தெருமுனையிலிருந்து நன்றாக நடந்து வருகிறார், ஒளூச் செய்கிறார், பின்வரிசையில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து தொழுகிறார். எழுபது வயதுப் பெரியவர் நின்று தொழுதுவிட்டு அவரைத் திரும்பிப் பார்க்கிறார். ‘இவ்வளவு தூரம் நடந்து வந்தவனுக்கு நிற்க முடியாதோ?’ அந்தப் பார்வையில் நேர்மையான தருக்கம் இருப்பதாகவே அவர் கருதுகிறார். உடலியலின்படி அது தலைகீழ். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கிச் சுருங்கி, கீழே தேங்கும் இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. அவை இரண்டாவது இருதயம் போல் வேலை செய்கின்றன. அசையாமல் நிற்கும்போதுதான் அந்த உதவி நின்றுவிடுகிறது. ஆகவே நடக்க இயலும், நிற்க இயலாது என்பது இந்நோயில் முரண்பாடன்று, அதுவே அடையாளம். ஸஜ்தாவிலிருந்து நிலைக்கு எழுவதும், தராவீஹில் நெடுநேரம் ஆடாமல் நிற்பதும், நாள் முழுவதும் நீரும் உப்பும் உட்கொள்ளாமல் சித்திரை வெயிலில் நோன்பிருப்பதும் இத்தகையோருக்கு எத்துணைச் சோதனை என்பதை மற்றவர்கள் அறியார். நாற்காலியில் அமரலாமா, தரையில்தான் அமர வேண்டுமா என்பதில் உலமாக்களிடையே நடக்கும் வாதத்துக்குள் நான் புகவில்லை. அவர் அமர்ந்ததைக் கண்டு அவர் ஈமானை அளந்துவிடுகிறோமே, அந்த அளவுகோலை நமக்கு யார் தந்தார்கள் என்பதே என் கேள்வி.

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதம் எழும், அது வலுவானதும்கூட. சொன்னவர் சொல்லையெல்லாம் நம்பினால் பாசாங்குக்கு ஏது எல்லை? வேலைக்கு வராதவனெல்லாம் தலை சுற்றுகிறது என்பான். ஆலை எப்படி நடக்கும், வீடு எப்படி நடக்கும்? மனிதர்கள் நடிப்பதுண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரு பிழைகளையும் தராசில் வைத்துப் பாருங்கள். நடிப்பவரை நம்பிவிட்டால் இழப்பு ஒரு நாள் வேலை. உண்மை சொல்பவரை நம்ப மறுத்தால்? தாயில்பட்டியில் இக்கேள்விக்கு விடை வேறெந்த ஊரையும்விடக் கடுமையானது. உராய்வு ஒன்றே போதும், கலவை தீப்பிடிக்க. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. அப்படி நான் சொல்லவும் இல்லை. அவ்வட்டாரத்தில் ஒரு சிறு தவறு என்ன விலை கேட்கும் என்பதற்காகவே நினைவூட்டுகிறேன். எழுந்தவுடன் கண் இருளும் ஒருவர் அந்த அறையில் சரிந்தால், கை எதன்மேல் விழும் என்பதை யார் அறிவார்? ‘எனக்கு முடியவில்லை’ என்ற அவர் சொல்லை நம்பாமல் உள்ளே அனுப்பும் மேற்பார்வையாளர், அவர் ஒருவரின் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை.

இதில் எனக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்றுண்டு. பட்டாசு அறையின் வாயிலில் செப்புத் தகடு பதித்து, உள்ளே நுழைபவர் அதைத் தொட்டுவிட்டுச் செல்ல வேண்டும் என்பது பாதுகாப்பு முறை. உடையின் உராய்வால் உடலில் ஏறியிருக்கும் நிலைமின்சாரம் அதன்வழி மண்ணில் இறங்கிவிடும். அம்மின்சாரத்தை எவரும் கண்டதில்லை. சுமந்து வருபவருக்கே அது தெரியாது. ஆயினும், அளந்து காட்டு, பிறகு தொடுகிறேன் என்று எவரும் வாதாடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று தொழிலாளியின் உடலில் இருக்கக்கூடும் என்று அந்த வாயிலிலேயே ஒப்புக்கொள்கிறோம். அதே தொழிலாளி தமக்கே தெரிந்த ஒன்றை வாய்விட்டுச் சொன்னால் மட்டும் சான்று கேட்கிறோம்.

நம்புவது என்றால் எதை நம்புவது என்பதிலும் தெளிவு வேண்டும். ‘நான் துன்புறுகிறேன்’ என்பதில் நோயாளியே இறுதிச் சாட்சி. ‘இன்ன நோயால் துன்புறுகிறேன்’ என்பதில் அவர் அப்படியல்லர். தலைச்சுற்றலுக்கு நூறு காரணங்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. தைராய்டு, நீரிழிவு, இருதயக் கோளாறு, உட்கொள்ளும் வேறு மாத்திரைகள், வெயிலில் உடல் வற்றிப் போதல் இவற்றையெல்லாம் முதலில் பார்த்து ஒதுக்க வேண்டும். எங்கோ படித்த பெயரைத் தமக்குத்தாமே சூட்டிக்கொள்வது, ‘ஒன்றுமில்லை’ என்று பிறர் சொல்வதைப் போலவே அவசரத் தீர்ப்பு. போட்ஸ் நோயாளிக்கு நீரையும் உப்பையும் மிகுதியாகக் கொடுக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்டு இரத்த அழுத்தம் உள்ளவர் உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? ஆகவே மருத்துவரை விட்டுவிடச் சொல்லவில்லை. மருத்துவரிடம் மீண்டும் போகச் சொல்கிறேன், இம்முறை நின்றுகொண்டு.

ஆனால் மீண்டும் போவதற்கு ஒரு தைரியம் வேண்டுமே! அதைத்தான் ‘ஒன்றுமில்லை’ என்ற சொல் பறித்துவிடுகிறது. முதல் முறை கேட்டபோது அப்பெண் மருத்துவருக்குப் புரியவில்லை என்று எண்ணுகிறார். இரண்டாம் முறை கேட்டபோது தமக்குச் சொல்லத் தெரியவில்லை என்று எண்ணுகிறார். மூன்றாம் முறை, தமக்கே ஐயம் வந்துவிடுகிறது: உண்மையாகவே சுற்றுகிறதா, நாமே வரவழைத்துக்கொள்கிறோமா? கணவர் கோபிக்கவில்லை, வெறுமனே சலித்துக்கொள்கிறார். மாமியார் ஓதிப் பார்க்க அழைத்துப் போகிறார்; அங்கே பரிவோடு தலையில் கை வைத்து ஓதுபவர் ஒருவராவது இருக்கிறாரே என்று அப்பெண் சற்றுத் தேறி வருகிறார் என்பதையும் நாம் ஏளனமாக நினைக்கக் கூடாது. வெளியே ஒருவரும் நம்பாத செய்தியை உள்ளே நெடுநாள் நம்பிக்கொண்டிருப்பது மனிதருக்கு எளிதன்று. உடலின் நோயைவிட இதுவே ஆழமாகக் காயப்படுத்துகிறது. தம் உடலைப் பற்றிய செய்தியில் தம்மையே பொய்ச்சாட்சியாக எண்ணத் தொடங்கியவர், பிறகு எந்தச் செய்தியில்தான் தம் சொல்லை நம்புவார்? பிற்பாடு நெஞ்சில் மெய்யாகவே வலி வந்தாலும் அவர் வாயைத் திறக்க மாட்டார்.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி, இரத்த அழுத்தக் கருவி வீட்டு வாயிலுக்கே வருகிறது. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டுவிட்டது. முதலில் அவரைச் சிறிது நேரம் படுக்க வைத்து நாடியையும் அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளலாம். பிறகு சுவரருகே நிற்க வைத்து, விழாமல் பிடித்துக்கொள்ள ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, 10 நிமிடம் வரை அவ்வப்போது மீண்டும் அளந்து எழுதலாம். தாங்க முடியவில்லை என்று அவர் சொன்ன மாத்திரத்தில் உட்கார வைத்துவிட வேண்டும். அந்த நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். நாடியை எண்ண விநாடி முள்ளுள்ள கைக்கடிகாரம் ஒன்று போதும். அந்தத் தாளோடு போனால் மருத்துவரின் பேச்சே மாறக் காணலாம். எண் எதையும் காட்டவில்லையென்றாலும், காட்டவில்லை என்று மட்டும் எழுதி, அவர் சொன்னதையும் அவர் சொற்களிலேயே பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

அதற்கிடையே நாளைக் காலையில் வேன் வந்து நிற்கும். அப்பெண் மருந்து அறைக்குப் போவதா, குழாய் உருட்டும் இடத்துக்குப் போவதா, ஒரு வாரம் வீட்டிலிருப்பதா, இருந்தால் அந்த வாரக் கூலிக்கு என்ன வழி என்பது இன்னும் முடிவாகவில்லை. மேற்பார்வையாளரிடம் போய் யார் பேசுவது என்பதையாவது வீட்டார் இன்றிரவே கூடிப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.